வாங்காதவர்கள் எழுதிய கடிதங்கள்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மசிக்கு,

ஸ்பேனர் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். உறையைப் பிரித்ததும் வழக்கமான வாசகர் கடிதம் என்று நினைத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிடாதே. இது இதழில் போடுவதற்கு இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வியாழக்கிழமையிலிருந்து மூன்று தடவை உன் வீட்டு எண்ணைத் தட்டினேன். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை உன் மனைவி, தங்கச்சிதான் எடுத்தாள். நீ அச்சகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை வங்கியில் கையெழுத்து என்றும், வீட்டை வைத்துக் கடன் வாங்கி அந்தப் பெரிய தொகுப்பைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றும் சொன்னாள். "முதல்ல நான் முடியவே முடியாதுன்னுதான் சொன்னேன் அண்ணா. உங்க ஊர்க் கடிதத்தை எல்லாம் எடுத்து மேசைமேல பரப்பிக் காட்டினார். இத்தனை பேர் காத்திருக்காங்களேன்னு அப்புறம்தான் சரின்னேன்" என்றாள். நான் "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ரொம்ப நல்லதாம்!

சுற்றி வளைத்து எழுதினால் பாதியில் தைரியம் போய்விடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மேசைமேல் பரப்பிய கடிதங்களை எழுதியவர்கள் உன் புத்தகத்தை வாங்குகிறவர்கள் இல்லை. நானும் இல்லை. இரண்டு வருஷமாக இல்லை.

எங்கள் ஊரிலிருந்து எழுதுகிற நாலு பேரில் மூன்று பேரை உனக்கு வாசகர் பக்கத்துப் பெயர்களாகத்தான் தெரியும். நான் ஒருவன்தான் உன் பள்ளிக்கூட நண்பன். மற்ற மூவர் யார் என்றால், என் வீட்டுத் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற டைப்பிங் டீச்சர் ஒருவர். மூன்றாமவர் பஸ் டிரைவர், அவரை நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுவோம். மெதுவாகப் பேசவே தெரியாது அவருக்கு. நாலு பேரும் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரே பத்திரிகைக் கடையில் உன் இதழுக்காகக் காத்து நின்று பழக்கமானவர்கள். பதினைந்து வருஷப் பழக்கம்.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்தில் ஒரு காமிக்ஸ் ஒரு டீ விலை. நீ சொந்தமாக 'கடல் டாக்டர்' வரைந்து அச்சடிக்க ஆரம்பித்தபோது அது ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வந்திருந்தது. அப்போதுகூட எனக்குக் கை கூசவில்லை. கப்பலில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிற, துப்பாக்கியே தொடாத ஒரு ஆளை வைத்து நீ இருபத்திரண்டு வருஷம் கதை சொல்வாய் என்று யார் நினைத்தார்கள்? பிறகு காகிதம் ஏறியது. மை ஏறியது. வண்ணத்துக்கு மாறினாய். வாசகர் குறைந்தார்கள் என்று விலையை ஏற்றினாய், விலை ஏறியதென்று இன்னும் கொஞ்சம் பேர் கழன்றுகொண்டார்கள். உன்னைக் குறை சொல்லவில்லையடா. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் கடைசிப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதுவாய். ஏதோ நீ எங்கள் பையில் கை விட்டுவிட்ட மாதிரி.

நான் படிப்படியாகத்தான் இறங்கினேன். முதலில் மறுபதிப்புகளை நிறுத்தினேன், பழசு வீட்டில் இருக்கிறதே என்று. அடுத்து கோடைச் சிறப்பிதழை விட்டேன். பிறகு நீ வெளியிடுகிற மற்றக் கதைகளை விட்டு டாக்டரை மட்டும் வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் பின்னட்டையில் விலை போட்டிருக்கிற இடத்தில் மகளின் பள்ளி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவேன். மனைவிக்குப் பயந்துதான் ஒட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒரு நாளும் விலையைக் கேட்டதில்லை. எனக்கேதான் அந்த எண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரேயடியாக ஏற்றினாயே, அந்தச் சனிக்கிழமை நாலு பேரும் கடையில் புத்தகத்தை எடுத்தோம், திருப்பினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இந்த விலைக்கு டாக்டரே நேர்ல வந்து ஊசி போட்டுட்டுப் போவாரே!" என்று ஹாரன் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும், ஒன்றை மட்டும் வாங்கி நாலு பேரும் படிக்கலாமே என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் என்னுடையது. மற்றவர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று இந்த இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தேன். ஆனால் யோசனை என்னுடையதுதான்.

அன்றிலிருந்து மாதம் ஒருவர் முறைவைத்து வாங்குவார். ஆளுக்கு ஒரு வாரம். மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மருந்து உறைக்குள் போட்டு, மேலே 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதி அடுத்தவருக்குக் கொடுத்தனுப்புவார். மூலை மடிக்கக் கூடாது, பக்கத்தில் டீ வைக்கக் கூடாது என்று டீச்சர் சட்டம் போட்டார். சொன்னால் சிரிப்பாய், மற்றபடி சந்தோஷமான ஏற்பாடுதான். ஆனால் முதல் மாதமே என் மனசு உறுத்தியது. நண்பனுடைய புத்தகத்தை ஓசியில் படிக்கிறோமே என்று. அந்த உறுத்தலுக்கு நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன் பார், அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்த மாதம் வாங்காத மூவரும் உனக்குக் கட்டாயம் வாசகர் கடிதம் எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். காசு கொடுக்காததற்கு ஈடாக நாலு நல்ல வார்த்தையாவது கொடுப்போம் என்று. வாங்கியவரும், தான் மட்டும் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று எழுதிவிடுவார்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வந்துகொண்டிருந்த ஊரிலிருந்து மாதம் நாலு வர ஆரம்பித்தது அப்படித்தான். எல்லாரும் காசு கொடுத்து வாங்கிய காலத்தில் நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று உனக்கு நினைவிருக்கும். கப்பலின் நங்கூரம் தவறு, டாக்டரின் மூக்கு போன மாதத்தைவிட நீளம் என்று நுணுக்கி நுணுக்கிக் குறை சொல்வேன். காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. கொடுக்காதவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குறை சொல்வது? அதனால் புகழ்ந்தோம். ஒருவரை ஒருவர் மிஞ்சிப் புகழ்ந்தோம். டிசம்பர் இதழைப் பற்றி நான் எழுதியிருந்தேனே, "விலை ஏறியிருக்கலாம், ஆனால் கொடுக்கிற காசுக்கு மேலேயே கிடைக்கிறது" என்று. அதை நீ கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தாய். அந்த இதழை மருந்து உறையிலிருந்துதான் எடுத்துப் படித்தேன். என் கைக்காசு ஒன்றுகூட அதில் இல்லை.

மகள் கூப்பிடுகிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, மதியம்

இதை வேலை இடத்திலிருந்து எழுதுகிறேன். பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறை. கயிற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது, அதுதான் மேசை. எண்ணெய்க் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள். காலையில் இங்கே ஒரு புகார். லிஃப்டில் ஒரு ஆள் அதிகமாக ஏறிவிட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கதவு மூடவில்லை. நான் போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாராவது ஒருவர் இறங்குவார் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். என்னத்தைச் சொல்வது, எங்கள் நாலு பேரின் நினைப்புத்தான் வந்தது. யாராவது வாங்குவார்கள் என்று இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் நீ கூப்பிட்டுக் கேட்டது நினைவிருக்கிறதா? "சந்தா குறைஞ்சுக்கிட்டே போகுது, கடிதம் மட்டும் கூடிக்கிட்டே போகுது, எனக்கு ஒன்னும் புரியலடா" என்றாய். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நீ கேட்ட குரலில் ஒரு பயம் இருந்தது. அதைப் போக்க வேண்டும் என்று அவசரப்பட்டு, "தபால் செலவு மிச்சம்னு எல்லாரும் கடையில வாங்குறாங்கடா, அதான்" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். நீ அப்பாடா என்று மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கடைக்குப் போன கட்டுகளில் விற்காதவை ஆறு மாதம் கழித்துத்தான் உன்னிடம் திரும்பி வரும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு கடிதத்துக்குப் பின்னால் எழுதாத முப்பது வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது உன் பழைய கணக்கு. எங்கள் ஊரில் அது தலைகீழ். நாலு கடிதத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பிரதி. எங்கள் ஊர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. டீச்சரிடம் படித்த பெண் ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள். இங்கே நடக்கிறதைக் கேட்டு, அங்கே ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே ஏற்பாடு, அதே கடித விதி. அவளைப் பார்த்து இன்னும் எத்தனை ஊரோ, எனக்குத் தெரியாது.

அப்புறம் நீ தொகுப்பு அறிவிப்புப் போட்டாய். முதல் நாற்பது கதைகள், கெட்டி அட்டை, ஒரே புத்தகம். "வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள், முன்பணம் வேண்டாம், உங்கள் வார்த்தை போதும்" என்று எழுதியிருந்தாய். முன்பணம் கேட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாய். கை தூக்குவதற்கு என்ன செலவு? நாலு பேரும் தூக்கினோம். மருந்துக்கடைக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, தனக்கு இரண்டு என்று எழுதினார். நீ அவருக்குத் தனியாக நன்றி சொல்லிப் பதில் போட்டாய். அதை அவர் கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

இன்று வேலை முடிந்ததும் மூன்று பேரையும் நேரில் பார்த்து, சத்தியமாக வாங்குவீர்களா என்று கேட்கப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை, காலை

கேட்டுவிட்டேன்.

டீச்சர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். புத்தகத்தின் விலையைச் சொன்னதும் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "வாங்கணும்னு ஆசைதான் தம்பி. ஆனா வாங்குவேன்னு சொன்னா அது பொய்யா இருக்கும்" என்றார். வீட்டை வைத்துக் கடன் வாங்குகிறாய் என்று சொன்னதும் அந்தத் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது, "நாம நல்லதுதானே எழுதினோம்" என்றார்.

ஹாரனைப் பணிமனை வாசலில் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "வேணும்தான். ஆனா வாங்க மாட்டேன். என்னை நம்பி அச்சடிக்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர்தான் என்னைக் கொன்றுவிட்டார். இரண்டு பிரதி என்று எழுதியவர். கடையில் கூட்டம் குறையும் வரை நின்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, முகம் மலர்ந்து, "அது பெரிய புஸ்தகமாச்சே, மருந்து உறையில நுழையாதே. பெரிய பையா ஒன்னு பார்க்கணும்" என்றார். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. அதையும் ஒன்று வாங்கிச் சுற்றி விடுவதாகத்தான் அவர் மனசில் எப்போதோ முடிவாகியிருக்கிறது. கெட்ட மனுஷர் இல்லை, மசி. உன் கதை என்றால் உயிரை விடுவார். வாங்க மட்டும் மாட்டார்.

அடுத்து என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டுமே. எங்கள் கம்பெனியில் ஓவர்டைமை வெட்டிவிட்டார்கள், மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டும் செலவு இருக்கிறது, இதெல்லாம் உண்மை. இந்தக் காரணங்களை எழுதி நாலு வரி நிரப்பலாம் என்றுதான் நேற்று நினைத்திருந்தேன். ஆனால் முறைவைத்துப் படிக்க ஆரம்பித்த அதே மாதம் நான் புது போன் வாங்கினேன். பழைய போன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காசுக்கு உன் இதழ் நாலைந்து வருஷத்துக்கு வந்திருக்கும். என்னால் வாங்க முடியாமல் போகவில்லை. வாங்காமலே படிக்க முடியும் என்று தெரிந்துபோய்விட்டது, அவ்வளவுதான். ஒரு தடவை அது தெரிந்துவிட்டால் கை பைக்குள் போக மாட்டேன் என்கிறது. இந்த மாதத்திலிருந்து ஒழுங்காக வாங்குகிறேன் என்று எழுதப் பேனா முனை வரைக்கும் வருகிறது. எழுத மாட்டேன். எழுதினால் நீ அதையும் நம்பிவிடுவாய்.

மசி, இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை. தங்கச்சி வேலை செய்கிற இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, அவள் பெயர் போட்டு, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் கையில் கிடைத்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். படிப்பாய், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்புறம், ஒரு ஊர்தானே, நாலு பேர்தானே, மற்ற ஊர்க்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவாய். வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிடுவாய். அந்தத் தொகுப்பை உன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எத்தனை ஆசை என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஆசையை இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் ஊதி ஊதிப் பெருக்கியவன் நான்தானே.

தங்கச்சி, ஆகவே இதை முதலில் படிக்கிறவள் நீதான். உன் அண்ணன் செய்த வேலையை இதுவரை படித்திருப்பாய். பதினாறு வருஷம் உன் சம்பளத்தில் தவணை கட்டி முடித்த வீடு அது. உன் பேரில் இருக்கிற வீடு. வங்கியில் அவன் கையெழுத்து பேருக்குத்தான், உன்னுடையதுதான் செல்லும். அதனால் உன்னிடம் கேட்கிறேன். போடாதேம்மா. எங்கள் கடிதங்களை மேசைமேல் பார்த்துச் சரி என்றாயே, இதையும் அந்த மேசைமேலேயே வைத்து அவனைப் படிக்கச் சொல். கோபம் வரும். இரண்டு நாள் சாப்பிட மாட்டான். பேனாவைத் தொட மாட்டேன் என்பான். அப்போது அவன்கூட இரு. அவன் கதையில் ஒரு குறையும் இல்லை என்று சொல். அது மட்டும் பொய் இல்லை. நாங்கள் எழுதிய புகழ்ச்சி அத்தனையும் உண்மை, அத்தனை கடிதத்திலும் பொய்யாக இருந்தது ஒன்றுதான், வாங்கினோம் என்பது.

மசி, நீ இனிமேல் என்னோடு பேச வேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீ எனக்குப் பதில் போடாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஒரே ஒரு தடவை மணி அடித்துவிட்டு வைத்தால் போதும், கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்துகொள்வேன். ஒன்றும் பேச வேண்டாம். நான் அன்று எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

நீங்கள் இரண்டு பேரும், பிள்ளைகளும், உங்கள் சொந்தக் கூரைக்குக் கீழே, என்னைத் திட்டிக்கொண்டாவது, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்பேனர்